வேகமான கையும் சின்ன மேசையும்

சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. சீட்டு எடுத்த பணம் 2,500 வெள்ளி கையில் இருக்கிறது. பட்டணத்துக் கடையொன்றில் பாகங்களை வாங்கி, மேசைக் கணினி ஒன்று பொருத்தித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கொடுத்த பட்டியலையும் கடிதத்தோடு வைத்திருக்கிறார். "புரோசசர் வேகமாக இருந்தால் எல்லாம் வேகமாக ஓடும், ரேமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா ஐயா?" என்பது அவர் கேள்வி.

பட்டியலைப் பார்த்தேன். பணத்தில் பெரும்பகுதி புரோசசருக்கே போய்விடுகிறது. ரேம் எனப்படும் நினைவகம் 8 கிகாபைட்தான். அதுவும் ஒரே துண்டு. அம்மா, இந்தப் பட்டியலுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

கோயில் திருவிழாவில் அன்னதானச் சமையல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரோசசர் என்பது சமையல்காரரின் கை. நினைவகம் அவர் முன்னால் கிடக்கும் மேசை. வட்டு என்பது சாமான் அறை. மேசை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? வெங்காயத்தை வைக்க இடமில்லாமல் கத்தரிக்காயை அறைக்குத் திருப்பி அனுப்பவேண்டும். பிறகு கத்தரிக்காய் வேண்டுமென்றால் வெங்காயத்தை அனுப்பவேண்டும். கை எவ்வளவு வேகமானாலும் சும்மாதான் நிற்கும். கணினியும் நினைவகம் நிரம்பியதும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேசையில் இருப்பதை எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டிலிருந்து எடுக்கச் சுமார் கால் மணி நேரம் ஆகும். பழைய சுழலும் வட்டாக இருந்தால் ஒரு நாளுக்கு மேலேயே ஆகும்!

விண்டோஸ் 11 ஓடக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் வைத்த கணக்கு. அது உயிர் தரிக்கும் கஞ்சி. வயிறு நிறையும் சோறு அல்ல.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2004இல் பெண்டியம் 4 புரோசசர் போட்ட கணினி ஒன்றை வாங்கினேன். 3 கிகாஹெர்ட்ஸ் என்று கடைக்காரர் சொன்னதும் மயங்கிவிட்டேன். நினைவகம் 256 மெகாபைட். வீட்டில் அதை முடுக்கிவிட்டு, தேநீர் கலக்கிக் குடித்து முடித்து வந்தாலும் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கும். இரண்டாம் ஆண்டில் 512 மெகாபைட் துண்டு ஒன்றைச் செருகினேன். அதே புரோசசர்தான், வேறு கணினி போல ஓடியது. கிகாஹெர்ட்ஸ் எண்ணையும் அதிகம் நம்பவேண்டாம். 2006இல் வந்த கோர் 2 டுயோ, 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே 3.8 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4ஐ முந்தியது. (1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது நம் பினாங்கில்தான். அங்கே வேலை பார்த்த அக்காமார் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சில்லுகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.)

மகளின் பாடத்துக்கு நடுத்தரமான ஆறு கோர் புரோசசர் தாராளமாகப் போதும். அதில் மிஞ்சும் பணத்தை நினைவகத்தில் போடுங்கள்: 16 கிகாபைட், அதை 8, 8 என்று இரண்டு துண்டாக. இரண்டு துண்டென்றால் புரோசசருக்கு இரண்டு வழியில் தரவு போகும். தனி கிராபிக்ஸ் அட்டை வாங்காதவர்களுக்கு இது முக்கியம். திரையில் படம் காட்டும் வேலைக்கும் இந்த நினைவகத்திலிருந்துதான் பங்கு போகிறது. 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை கிடுகிடுவென ஏறியதால், பிறகு வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்ற பேச்சில் நியாயம் குறைவு. அதற்காக 32, 64 என்று போகவும் வேண்டாம். பத்துதான் பயன்படும் என்றால் மீதி தூங்கும். படம் வெட்டி ஒட்டும் படிப்பு, பெரிய கட்டட வரைபடம் என்றால் மட்டும் 32ஐ யோசிக்கலாம். அங்கே புரோசசரும் ஒரு படி மேலே வேண்டும்.

இரண்டு இடத்தில் ஏமாறக்கூடும். டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 பலகையில் பொருந்தாது. நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். சொந்தக்காரர் வீட்டில் பழைய துண்டு கிடக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். அடுத்தது, இன்டெல் புரோசசரின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து வந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. விலை சற்று இறங்கியிருக்கும். தனி அட்டை இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. உங்கள் பட்டியலில் உள்ள புரோசசருக்கு அந்த எழுத்து இருக்கிறது. அட்டையைப் பற்றிப் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை.

மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், புதுப் பட்டியல் எழுதி வாங்குங்கள். புரோசசரின் பெயரைக் கடைசி எழுத்து உட்பட முழுதாக எழுதச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.