முதலில் வடிகால், பிறகு தச்சு வேலை

தில்லியில் நம்மவர் பலர் வாங்கியிருக்கும் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் உண்டு. குடும்பம் பெருகி இடம் போதாமல் போகும்போது, அதைப் படிப்பறையாக மாற்றலாமே என்று தோன்றுகிறது. உடனே தச்சரை அழைத்துச் சுவர் முழுவதும் பிளைவுட் அடித்து, தரையில் கம்பளம் ஒட்டிவிடுகிறோம். இது தவறு என்பது என் கருத்து. நானே செய்து பட்ட தவறு.

இரண்டாவது மழைக்காலத்தில் பலகைக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. என் மனைவியின் இழுப்பு அதிகமாயிற்று. என் தகப்பனார் சேர்த்து வைத்த புத்தகங்களில் பாதி வீணாயின. ரயில் பாதை வேலையில் "முதலில் வடிகாலைப் பார்" என்று பிறருக்குச் சொல்லி வந்தவன், சொந்த வீட்டில் மறந்தேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் அறிய வேண்டும். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரிலும் தரையிலும் விளிம்புகளை மூடி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர்த்துளி இருந்தால் ஓதம் மண்ணிலிருந்து வருகிறது. முன்புறம் துளிர்த்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அப்படியானால் ஜூலை, ஆகஸ்டில் ஜன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தைக் கூட்டும்.

மண்ணின் ஈரத்துக்கு மருந்து வெளியில்தான் இருக்கிறது. மாடி மழைக்குழாயின் நீர் சுவரோரம் விழக்கூடாது. வெளித்தரை வீட்டைவிட்டு விலகி வாட்டமாக இருக்க வேண்டும். குழாய்க் கசிவை அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் உட்புறம் மட்டும் நீர்புகாப் பூச்சு அடிப்பது வீண். சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரம் நீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் உண்டு. சாதாரணப் பூச்சு பெயர்ந்துவிடக்கூடும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு ஆகாது. உள்ளே அடைபட்ட ஈரம் மேலே ஏறும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்புமே சுவரை உலரவிடும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். சுவர் காய்ந்தே இருந்தால், தரைக்கு டைல்ஸ் போடலாம். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி நிறுத்தலாம்.

ஓராண்டு காத்திருப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். நான் காத்திருக்கவில்லை, பிளைவுட்டுக்கு ஒரு செலவு, அதைப் பெயர்த்தெறிய மறு செலவு. புத்தகங்களோ திரும்பி வரவில்லை.