கெம்போங் மீனுக்கும் விடுமுறை வேண்டும்

மாணவர்களே, ஜொகூரில் வாழும் நமக்குக் கெம்போங் மீன் புதிதல்ல. தமிழகத்தில் இதையே கானாங்கெளுத்தி என்பார்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய புரதம் இது. நாளை எட்டாமல் போனால் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான்.

“துறைமுகத்தில் இறங்கும் மீனின் எடை குறையவில்லையே, ஏன் கவலை?” என்று சிலர் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 படகுகள் ஒரு நாளில் 10 டன் மீன் பிடிக்கின்றன. சில ஆண்டுகளில் 20 படகுகள் சேர்ந்து அதே 10 டன்னைப் பிடிக்கின்றன. மொத்த எடை மாறவில்லை. ஆனால் ஒரு படகுக்குக் கிடைப்பது பாதியாகிவிட்டது. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு மீன் சிக்குகிறது என்று அளக்கிறார்கள். நமக்கு வடக்கே, தாய்லாந்து வளைகுடாவில் 1960களின் தொடக்கத்தில் ஆய்வுக் கப்பலின் இழுவலையில் மணிக்குச் சுமார் 300 கிலோ சிக்கியது. 1980களில் அது சுமார் 50 கிலோவாகச் சரிந்தது. இழுவைப் படகுகள் பெருகியதே இதற்கு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. இழுவலையின் பின்பைக் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கரையோரக் கடல் சிறு மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் இவை மட்டும் போதா என்பது என் கருத்து. முட்டையிடும் காலத்தில் மீனுக்கு ஓய்வு வேண்டும்.

மெர்சிங், எண்டாவ் கடலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவக்காற்று பல படகுகளைக் கரையில் நிறுத்திவிடுகிறதே என்பீர்கள். அந்த ஓய்வைத் தீர்மானிப்பது காற்று. மீனின் இனப்பெருக்கம் அல்ல. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. இங்கும் தடையோடு நிவாரணமும் சேர்ந்தே வர வேண்டும். கடலின் சேமிப்புக்காக மீனவரின் அடுப்பை அணைப்பது நியாயமாகாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கெம்போங் விரைவாக வளரும் மீன். வாய்ப்புக் கொடுத்தால் விரைவில் பெருகும். சுமார் 17 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில்தான் அது முட்டையிடும் பருவத்தை அடைகிறது. எனவே, அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது உங்கள் 15 சென்டிமீட்டர் அடிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குட்டையான கெம்போங், பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிடாத மீன். அதை வாங்காதீர்கள்; ஏன் வாங்கவில்லை என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.