நடுநிலமும் ஒரு காலாளும்

சதுரங்கம் பயிலும் நம் மாணவரிற் பலர், ஆட்டத்தின் ஆரம்ப நகர்வுகளைப் பரீட்சைப் பாடம் போல நெட்டுருச் செய்து வருகின்றனர். எதிரி நூலிற் காணாத ஒரு நகர்வை ஆடிய அளவில் அவர்தம் கல்வி முடிந்துபோகின்றது. காரணம் அறியாது நகர்வை மட்டும் கற்பது வீண் உழைப்பென்பது எமது கருத்து. 'இவான்ஸ் காம்பிட்' என்னும் ஆரம்பத்தைக் கொண்டு இதனை விளக்குவாம்.

வேல்ஸ் நாட்டவராகிய கப்பற்றலைவர் வில்லியம் டேவிஸ் இவான்ஸ் (1790–1872) கண்ட முறை இது. இரு திறத்தாரும் அரசன் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் செலுத்தி, ஒரு குதிரையையும் ஒரு மந்திரியையும் வெளிக்கொணர்வர். நான்காம் நகர்வில் வெள்ளையர், அரசி பக்கத்துக் குதிரையின் முன்னின்ற காலாளைக் கறுப்பு மந்திரிக்கு இரையாக வைப்பர். மந்திரி அதனை வெட்டியதும், அடுத்த வரிசைக் காலாள் ஒரு கட்டம் முன்வந்து மந்திரியைத் தாக்கும். மந்திரி மீண்டும் இடம் பெயர்தல் வேண்டும். அதற்குள் அரசி முன்னுள்ள காலாள், அத்துணையைக் கொண்டு நடுநிலத்திற் புகும். கொடுத்தது ஒரு காலாள். பெற்றது காலமும் நடுநிலமும்.

நடுநிலத்திற்கு இத்துணைச் சிறப்பு என்னை? நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டுக் கட்டங்களுக்கு வழியுண்டு. மூலையில் நிற்பதற்கோ இரண்டே. நடுவை ஆள்பவன் படைகளை எப்பக்கமும் விரைந்து திருப்புவான். 1852-ஆம் ஆண்டு பெர்லினில் ஆண்டர்சன், துபிரேனை வென்ற புகழ்பெற்ற ஆட்டம் இம்முறையில் எழுந்ததே.

நிற்க. வெட்டிய காலாளை விடாது காப்பதே கறுப்பரின் கடன் என்று சிலர் எண்ணுவர். 1894 முதல் 1921 வரை உலக வீரராயிருந்த இமானுவேல் லாஸ்கர் காட்டிய வழி வேறு. பெற்ற காலாளைத் தக்க சமயத்தில் திருப்பிக் கொடுத்து, அரசிகளையும் மாற்றி வெட்டிக்கொண்டு, துணையின்றிப் பிரிந்து நிற்கும் வெள்ளைக் காலாட்களை எதிர்த்து அமைதியாக ஆடுவதே அது. பேராசை நீங்கியவிடத்துத் தாக்குதலின் வேகமும் தணிகின்றது.

"கணினிகள் இம்முறையால் வெள்ளையர்க்கு உறுதியான மேன்மை இல்லையென்று காட்டிவிட்டனவே, இதனை இன்று கற்பதேன்?" என்பார்க்கு விடை கூறுவாம். 1995-இல் ரீகா நகரில் காஸ்பரோவ் இப்பழைய முறையையே எடுத்தாடி, நம் விசுவநாதன் ஆனந்தை 25 நகர்வுகளில் வென்றார். அத்தகைய பெருவீரருக்கும் பழைய ஆரம்பம் இடர் விளைத்ததெனின், கணினியின் தீர்ப்பை மட்டும் கேட்டறிந்த மாணவர் பலகையின் முன் என் செய்வர்? தீர்ப்பு வேறு, அதற்குரிய காரணத்தைத் தாமே காணும் ஆற்றல் வேறு.

ஆகலின் மாணவ நண்பர்காள், ஆட்டக் குறிப்பில் ஒவ்வொரு நகர்வையும் எழுதுமிடத்து, அதன் காரணத்தையும் ஒரு வரியில் எழுதி வாருங்கள். காரணம் எழுத இயலாத நகர்வு இன்னும் நுமதாகவில்லை என்றறிக.