கூப்பிய கரமும் கோத்த கரமும்

உள்ளம் தூயதாக இருந்தால் போதும், வழிபாட்டில் உடல் எப்படி இருந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. நாகல் நகரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு அந்த வாதம் ஏற்புடையதன்று. வீட்டுக் கணக்கைப் போடாத சிறுவனை முழங்காலில் நிறுத்திய வகுப்பறைகள் இந்நாட்டில் எத்தனை எத்தனை! உடல் தண்டனைக்குத் தடை விதிக்க 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆண்டையின் முன்னே தோள்துண்டை இடுப்புக்கு இறக்கி, கைகட்டி, வாய்பொத்தி நின்ற உழவனைக் கேளுங்கள். உடல் நிற்கும் நிலைதான் மனிதன் நிற்கும் நிலை என்பான். ஆகவே, ஆலயத்திலே உடல் என்ன செய்கிறது என்று ஆராய்வது வீண்வேலை அன்று.

கிறித்துவம் உடலை மறந்த மார்க்கமன்று. எழுவர், அமர்வர், முழந்தாளிடுவர், நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைவர். 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் முழந்தாளிடாது நின்றே மன்றாட வேண்டும் என்று விதித்தனர். உயிர்ப்பைக் கொண்டாடும் நாளில் நிமிர்ந்து நிற்பதே பொருத்தம் என்பது அக்காலத்தார் கருத்து. எவ்வளவு அருமையான எண்ணம்! தெற்கே திருவிதாங்கூரில், சபையைச் சேர்ந்த நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859-இல் மன்னரின் அறிக்கையைப் பெற்றனர். கூனிய முதுகை நிமிர்த்தியதில் அந்த மார்க்கத்துக்குப் பங்குண்டு. மறுக்கவில்லை, மகிழ்ந்தே கூறுகிறோம்.

ஆனால், அதே மார்க்கம் தமிழகத்தில் சாதிக்கு முன்னே வளைந்த கதையும் உண்டே! ஞானஸ்நானத்தில் குருவானவர் உமிழ்நீர் தொட்டுத் தடவுவது அக்காலத்து உரோமைச் சடங்கு. எச்சில் என்றால் மேற்சாதியார் முகஞ்சுளிப்பர் என்று அந்தச் சடங்கையே விட்டனர் இங்கிருந்த குருமார். நோயுற்ற பறையரின் குடிசைக்குள் நுழையவும் தயங்கினர். புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் துர்னோன், உமிழ்நீரை விலக்காதீர், குடிசைக்குள் செல்வீர் என்று 1704-இல் ஆணையிட்டார். நாற்பதாண்டு வழக்காடியபின், 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதி செய்தபோது கண்ட தீர்வு என்ன தெரியுமா? பறையருக்கென்று தனிக் குருமார்! தீண்டாமை தீரவில்லை, அதற்குத் தனி இலாகா திறந்தார்கள்.

கட்டடமும் அதே கதையைத்தான் சொல்லிற்று. புதுச்சேரி ஆலயத்தின் நடுவே எழுந்த சுவர் 1745-இல் இடிபட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டுகிறது. தஞ்சைச் சபைகளில் அமரும் இடம் சாதிவாரியாகப் பிரிந்திருந்தது; 1833-இல் ஆயர் டானியல் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டதும், பலர் சாதியை விடாமல் சபையை விட்டனர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலோ இரு கூடங்கள் தனித்தனியே விரிந்து, பலிபீடத்தண்டை மட்டும் கூடும்படி ஒரு கோவிலையே கட்டினர். வேளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம். அந்தத் தடுப்பு 1910-இல் தகர்க்கப்பட்டபோது, மீண்டும் வேண்டும் என்று வழக்குமன்றம் ஏறினர் சிலர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சுவருக்கு இருபுறமும் முழங்கால் ஒன்றுபோலத்தான் மடிந்தது, கை ஒன்றுபோலத்தான் குவிந்தது. சுவரைச் சாய்க்க அந்தப் பணிவு போதவில்லையே!

இந்த வரலாற்றை மனத்தில் இருத்தி 1969-ஐப் பார்ப்போம். அந்த ஆண்டு ஏப்ரல் 25-இல், இந்தியத் திருப்பலிக்குப் பன்னிரண்டு மாற்றங்களை உரோமை ஒப்புக்கொண்டது. தரையில் அமரலாம், காலணி களையலாம், முழந்தாளிடுவதற்கு ஈடாகக் கைகூப்பித் தலைதாழ்த்தலாம், பஞ்சாங்கப் பிரணாமம் செய்யலாம், மெழுகுதிரிக்கு மாற்றாக எண்ணெய் விளக்கு ஏற்றலாம். ஐரோப்பிய வழக்கம் ஒன்றே பக்தி என்ற ஆணவம் அகன்றது நன்று. தரையில் அமர்வதையும் வரவேற்கிறோம்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். இந்திய மரபு என்று தேடியவர்கள், யாருடைய முற்றத்தில் தேடினார்கள்? அஞ்சலி அஸ்தம், பஞ்சாங்கப் பிரணாமம், ஆரத்தி—பெயரே வடமொழி, வந்த வழியோ ஆகமக் கோவில். 1939 வரை மதுரை மீனாட்சி கோவிலின் வாசலைத் தாண்ட விடாமல் எந்த மக்களைத் தடுத்தார்களோ, அந்த மக்களின் வழிவந்தோர்தாம் தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர். பண்ணையார் காலில் விழுந்து விழுந்து தேய்ந்த குலத்துக்கு, நெற்றி நிலம்பட விழுவது புதிய பக்தியா, பழைய தழும்பா? பறையொலிக்கு ஆடிய காலும், நாற்று நட்டு நிமிர்ந்த முதுகும் இந்திய மரபு ஆகாவோ?

அந்தப் பன்னிரண்டில் ஐந்தாவதைக் கூர்ந்து நோக்குங்கள். சமாதான வாழ்த்துக்கு இரு வழிகள் உண்டு. கைகூப்பி வணங்கலாம்; அல்லது, ஒருவர் கரங்களை மற்றவர் தம் கரங்களுக்குள் ஏந்தலாம். முதல்வழியில் தொடுதல் இல்லை. எட்டி நின்றே முடித்துவிடலாம். பக்கத்திலிருப்பவன் எந்தத் தெருவினன் என்ற கவலையும் வேண்டாம். நோய் பரவும் காலத்தில் அந்த விலகல் மருத்துவம். தீண்டாமை பரவிய நாட்டில் அது நோய்க்குத் தரும் ஊட்டம். இரண்டாம் வழியிலோ கரம் கரத்தைத் தொட்டே ஆகவேண்டும்.

கைகூப்புவது தமிழர் பண்பல்லவா என்பர். ஆம், பண்புதான். ஆனால், தொட அஞ்சும் கை அந்தப் பண்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தரலாமா?

பழங்கதை ஏன் என்றும் கேட்பர். 2008 மார்ச்சில் இறையூரில் என்ன நடந்தது? சமஉரிமை கேட்ட தலித் கிறித்தவருக்கும் வன்னியக் கிறித்தவருக்கும் மோதல், காவலர் துப்பாக்கிச்சூடு, இருவர் பிணம். ஒரே நற்கருணையை உண்டவர்கள்! 2016-இல் இந்திய ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஏட்டில் ஒப்புக்கொண்டது வழிபாட்டில் தெரிய வேண்டாமா?

திண்டுக்கல் மறைமாவட்டம் 2003-இல் உருவானது, இளமையானது. இளமை வழிகாட்டட்டும். அமரும் வரிசை ஒன்றாகட்டும். தேர் செல்லும் தெரு எல்லாத் தெருவுமாகட்டும். கல்லறைத் தோட்டம் ஒன்றாகட்டும். சமாதான வாழ்த்தில் கரம் கரத்தைக் கோக்கட்டும். முழந்தாளிடுவதா, தலைதாழ்த்துவதா என்பதை அதன்பின் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். ஆண்டவன் முன் வளையும் உடல், அயலான் அருகே அமர மறுக்குமானால், அந்த வளைவு வெறும் தேகப்பயிற்சியே!