இறந்தவர் பெயரில் இருக்கும் நிலம்

 

1999 முதல் 2005 வரையிலான ஏழு ஆண்டுகளில் அமெரிக்க அரசாங்கம் 1,72,801 பேரின் பெயரில் 110 கோடி டாலர் விவசாய மானியம் வழங்கியது. அவர்கள் அனைவரும் இறந்து போனவர்கள்! அந்நாட்டின் தணிக்கை அமைப்பே 2007இல் இதனை வெளியிட்டது. இல்லினாய் மாநிலப் பண்ணையொன்றில் பங்குடையவராயிருந்து 1995இல் இறந்த ஒருவரின் பேரில் மட்டும் நான்கு லட்சம் டாலருக்கு மேல் சென்றிருக்கிறது. சொத்தைப் பங்கிட்டு முடிக்கும் வரை, முதல் இரண்டாண்டுகள் இறந்தவரின் சொத்தின் பேரில் மானியம் பெற விதிகள் இடம் தருகின்றன. எனவே அனைத்தையும் மோசடி என்றுரைப்பது நியாயமன்று. ஆனால் அத்தொகையில் நூற்றுக்கு நாற்பது பங்கு, இறந்து மூன்றாண்டுகளோ அதற்கு மேலோ ஆனவர்களின் பெயரில் சென்றதாகும்.

அதே நாட்டின் தென் மாநிலங்களில் நிலைமை தலைகீழ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வியர்வை சிந்தி வாங்கிய நிலங்கள், மரண சாசனமோ பாகப்பிரிவினையோ இன்றித் தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் கிடந்தன. நம் மாவட்டம் போன்ற ‘கவுண்டி’யின் விவசாய அலுவலகத்தில் பண்ணை எண் பெற்றால்தான் மானியமும் கடனும் கிட்டும். அதற்கு உரிமை ஆவணம் கேட்பார்கள். உழுபவர் உயிரோடு எதிரே நிற்கிறார். பத்திரத்திலோ அவருடைய பாட்டனாரின் பெயர்! இதைவிடக் கொடுமையும் உண்டு. பங்காளி ஒருவரின் சிறு பங்கை விலைக்கு வாங்கிய அந்நியர், நீதிமன்றம் சென்று முழு நிலத்தையும் ஏலத்தில் விற்கச் செய்ய முடிந்தது. பலர் இப்படித்தான் பரம்பரை மண்ணை இழந்தார்கள். 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம்தான் மாற்று ஆவணங்களைக் காட்டிப் பண்ணை எண் பெற வழி செய்தது.

எங்கோ நடந்ததை ஏன் எழுதுகிறேன்? அவர்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. நமக்கோ, கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின் தாய்க்கு, மனைவிக்கு, மகளுக்கு இவ்வளவு இவ்வளவு என்று சூரத்துந் நிஸாவில் அல்லாஹ் பங்குகளை வகுத்துத் தந்திருக்கிறான். அப்படியிருந்தும் வாப்பா வஃபாத்தாகி இருபது ஆண்டுகள் கடந்தும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் எத்தனை! “தம்பி துபாயிலிருந்து வரட்டும்”, “வீட்டிலுள்ள குமரைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம்” என்பன வழக்கமான பதில்கள்.

2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் நிதித் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தருகிறது. நிலம் தம் பெயரில் பதிவான விவசாயிக்கே அது கிட்டும். அத்தொகை சிறிது; அது கைநழுவினாலும் போகட்டும். பங்கு கிடைக்காமலேயே மறைந்துவிடும் சகோதரிகளின் ஹக்கு அவ்வாறு விட்டுவிடக் கூடியதா?

வாப்பாவின் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இம்மாதமே தேடி எடுங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டுச் சகோதரியின் வீட்டுக்குச் செல்பவர்கள், அவருடைய பங்கு எத்தனை சென்ட், இன்றைய விலை என்ன என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டுங்கள்.