சிங்கிளாக வருவது பன்றிதான்

நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குத் திரும்பும் இடத்தில் போன வாரம் ஒரு பேனர் முளைத்தது. யாரோ ஓர் அண்ணனுக்குப் பிறந்தநாளாம். பிடரி சிலிர்த்த சிங்கத்தின் உடம்பில் அண்ணன் தலை. பக்கத்தில் 'சிங்கிள் சிங்கமே!' என்று கொட்டை எழுத்து. கீழே பாஸ்போர்ட் அளவில் கூலிங் கிளாஸ் போட்ட தம்பிகள், வரிசை வரிசையாக. சிங்கிளுக்கு எதற்கய்யா இத்தனை பேர்?

2007-இல் 'சிவாஜி' படத்தில் ரஜினி கூட்டத்தைப் பன்றிக்கும் தனிமையைச் சிங்கத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். கைதட்டிவிட்டுத் தியேட்டரிலேயே விட்டுவர வேண்டியதை விலங்கியல் பாடமாகத் தூக்கி வந்துவிட்டோம்.

புலி தனி, சிறுத்தை தனி. அந்தப் பூனைக் குடும்பத்திலேயே பெரிய கூட்டுக்குடித்தனம் நடத்துவது சிங்கம்தான். செரங்கெட்டியில் போய்ப் பாருங்கள்: அக்கா, தங்கை, சித்தி, பெரியம்மா, குட்டிகள், காவலுக்கு இரண்டு மூன்று ஆண்கள். விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் அங்கேயே தங்கிப் பார்த்து 1972-இல் புத்தகமே போட்டுவிட்டார். துணையில்லாத ஆண் ஒரு கூட்டத்தைப் பிடிப்பதே அபூர்வம். பிடித்தாலும் அதிக நாள் நிலைக்காது. தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் காட்டைக் கலக்கிய மபோகோ சிங்கங்கள் எத்தனை பேர்? ஆறு பேர். குஜராத்தில் 2025 கணக்குப்படி 891 சிங்கங்கள். அங்கேயும் கூட்டாளியோடு திரியும் ஆணுக்குத்தான் மவுசு.

அப்படியானால் சிங்கிளாக வருவது யார்? வளர்ந்த ஆண் காட்டுப்பன்றி. பெட்டைகளும் குட்டிகளும்தான் கூட்டமாகப் போகும். ஐயா இணைசேரும் பருவம் போக மற்ற நாளெல்லாம் தன்னந்தனி. மலையடிவாரத்தில் கடலை போட்டவரிடம் கேளுங்கள், ராத்திரியில் கொல்லைக்குள் தனியாக இறங்குவது சிங்கமா பன்றியா என்று. கூட்டாளி வேண்டாம், கைதட்டல் வேண்டாம், பேனர் வேண்டாம். நீங்கள் சிங்கத்தின் தலையில் ஏற்றிய பெருமை முழுவதும் பன்றியுடையது.

வேட்டையாவது அந்தச் சிங்க ராஜா ஆடுகிறாரா? திறந்த புல்வெளியில் பெரும்பாலும் பெண்கள்தான் ஓடிப் பிடிக்கிறார்கள். முதல் பந்தியில் உட்காருவது மட்டும் பிடரிக்காரர். நம் வீடுகளில் நடக்காததா! கழுதைப்புலியைத் திருடன் என்கிறோம். ஆப்பிரிக்காவின் இங்கொரோங்கொரோவில் ஆய்வாளர் ஹான்ஸ் க்ரூக் பார்த்தது வேறு: கழுதைப்புலிகள் ராத்திரியில் அடித்த இரையைச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொண்டது. விடிந்ததும் பார்த்தவர்கள், சிங்கத்தின் எச்சிலுக்குக் கழுதைப்புலி காத்திருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். ராஜாவுக்கு விளம்பரம் அப்படித்தான் கிடைக்கிறது.

அந்த விளம்பரப் பைத்தியம் ஆளைக் கொல்லவும் செய்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு பெண்மேல் கல்யாண பேனர் விழுந்தது. தடுமாறி விழுந்தவர்மேல் தண்ணீர் லாரி ஏறியது. அதற்குப் பிறகும் திருந்தவில்லை. தம்பிகளே, தலையைச் சிங்கத்தில் ஒட்டுங்கள், பன்றியில் ஒட்டுங்கள், அது உங்கள் பாடு. ஒட்டியதை உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரோட்டை எங்களுக்கு விடுங்கள்.