கிளாஸ் தண்ணீரில் தேன் தெரியாது

சுத்தமான தேனைக் கண்டுபிடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு தீக்குச்சி, நாலு எறும்பு போதும் என்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகள் அடித்துச் சொல்கின்றன. போதாது. இந்தச் சோதனைகள் கலப்படக்காரரைத் தப்பவிட்டு, நேர்மையாகத் தேன் எடுப்பவரைத்தான் தண்டிக்கின்றன.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்பதே நல்ல தேனாம். நிற்பது அடர்த்தியால். சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சினால் அதுவும் நிற்கும். குமரி மாவட்டத்தின் ஈரக்காற்றில் நம் நாட்டுத் தேனீ சேர்க்கும் தேனிலோ நீர்ச்சத்து கூடுதலாக இருக்கலாம், சீக்கிரம் கரைந்துவிடும். தேனில் தோய்த்த தீக்குச்சி பற்றுகிறதா என்று பார்ப்பதும் இதே ஈரத்தைத்தான் சோதிக்கிறது. இந்தியத் தரவிதி நீர்ச்சத்துக்கு 20 விழுக்காடு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் தேன் புளிக்கக்கூடும். அது தரக்குறைவு, கலப்படத்துக்குச் சான்று ஆகாது.

எறும்பு தேனைத் தொடாது என்பவர்கள் ஒரு தேனீப் பெட்டியைப் போய்ப் பார்க்கட்டும். தாங்கியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருப்பதே எறும்பு ஏறாமலிருக்கத்தான்.

எனக்கு அதிகம் வலிப்பது உறைந்த தேனைப் பற்றிய பேச்சு. அடியில் சர்க்கரை படிந்திருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தேனில் குளுக்கோஸ் மிகுந்தால் அது தானாகவே பூத்து உறையும். ரப்பர்த் தேனும் கடுகுத் தேனும் விரைவில் உறைபவை. ஃபிரக்டோஸ் மிகுந்த செயற்கைப் பாகோ உறையாமல் கண்ணாடிபோல் நிற்கும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று தேனைச் சூடாக்கி விற்கும்போது, அதன் நொதிகள்தான் அழிகின்றன.

ஆய்வகத்தையே ஏய்க்கும் பாகுகள் வந்துவிட்டன. கரிம ஐசோடோப்புச் சோதனை கரும்பு, சோளச் சர்க்கரையைப் பிடித்துவிடும். அரிசிப் பாகு அதில் நழுவிவிடும். 2020இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 வணிகத் தேன்களை ஜெர்மனி ஆய்வகத்துக்கு அனுப்பியது. அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை. அவற்றில் பல, இங்குள்ள வழக்கமான சோதனைகளில் தேறியவை.

எந்தப் பூவின் தேன் என்பதை நிறமும் ருசியும் சொல்லிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அவை ஊகத்துக்கு உதவும், அவ்வளவே. ஆய்வகத்தில் சுமார் 10 கிராம் தேனை நீரில் கரைத்து, வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். ஒரே செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக அந்தச் செடியின் பெயரைத் தேனுக்குக் கொடுப்பார்கள். இந்த அளவுகோலும் எல்லாத் தேனுக்கும் பொருந்தாது. மார்த்தாண்டத்து ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதன்று. தளிர் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீர் அது. அதனால் அந்தத் தேனில் ரப்பர் மகரந்தம் அரிது, அக்கம்பக்கச் செடிகளின் மகரந்தமே தெரியும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அசல் ரப்பர்த் தேனைப் பொய் என்று ஒதுக்க நேரும். எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தத் தேனீ என்று எடுத்தவரிடமே கேட்டு, அந்தப் பதிலை மகரந்த முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.